பெயர் வெறும் வணிகமா?
அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான பெயர்ச் சண்டையைப் பற்றி ஒரு கட்டுரை படித்தேன். 'ஒஹாயோ' என்ற சொல்லுக்கு, அம்மாநிலத்தின் ஏதன்ஸ் நகரில் உள்ள ஒஹாயோ பல்கலைக்கழகம் 90-களில் வணிக முத்திரை (டிரேட்மார்க்) வாங்கியது டி-சர்ட் விற்கத்தான் என்று அது சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அங்கே முதுகலை படித்தவன் நான். 1804-ல் தொடங்கிய பல்கலைக்கழகம் அது. அதே மாநிலத்தின் கொலம்பஸ் நகரில் உள்ள ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகம் 1870-ல் வேளாண் கல்லூரியாகப் பிறந்து, 1878-ல்தான் இன்றைய பெயருக்கு வந்தது. ஆனால் மாணவர் எண்ணிக்கையிலும் அமெரிக்கக் கால்பந்துப் புகழிலும் அதுவே பெரிது. ஊருக்கு வந்தால் சித்தப்பாவிலிருந்து எல்லோரும் "ஒஹாயோ ஸ்டேட்டா?" என்றுதான் கேட்டார்கள். வேலைக்குச் சேர்ந்த இடத்தில் அப்படியே பதிந்துவிட்டு, சான்றிதழோடு பெயர் ஒத்துவரவில்லை என்று மூன்று வாரம் அலைய விட்டார்கள். மாநிலத்தின் பெயரை யாரும் சொந்தம் கொண்டாடக் கூடாது என்று கட்டுரைக்குக் கீழே ஒருவர் கருத்து எழுதியிருக்கிறார். அதில் நியாயம் உண்டு. ஸ்டேட்டின் இசைக்குழு 1936 முதல் மைதானத்தில் 'ஒஹாயோ' என்று எழுத்து வடிவில் அணிவகுக்கிறது, அதை யாரும் தடுக்க முடியாது, முத்திரையால் எழுந்த தகராறை இரு தரப்பும் பிறகு பேசித் தீர்த்தும் கொண்டன. ஆனால் 2022-ல் 'தி' (The) என்ற ஒற்றை ஆங்கிலச் சொல்லுக்கே ஆடை, தொப்பிகளுக்கான முத்திரை பெற்றது ஸ்டேட்தானே? டி-சர்ட் கணக்கை அங்கிருந்து அல்லவா கட்டுரை தொடங்கியிருக்க வேண்டும்.