தில்லி மூடிய கதவும் கொழும்பின் சிற்றலையும்

ஐம்பதுகளின் வானொலி மாலைகளைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம், இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் குரலினிமையே நம்மவரைக் கட்டிப்போட்டது என்று சொல்லி முடித்துவிடுகிறோம். மயில்வாகனனின் குரல்வளத்தை நான் மறுக்கவில்லை. ஆயினும் அந்த நேயர்களில் பெரும்பாலோரைக் கொழும்பின் பக்கம் திருப்பியது தில்லிதான் என்பது என் கருத்து.

1952இல் ஒலிபரப்புத் துறைக்கு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர் முறைப்படி இசை பயின்றவர். திரைப்பாடல் மக்களின் ரசனையைக் கெடுக்கிறது என்று உறுதியாக நம்பிய அவர், அகில இந்திய வானொலியில் அதற்கான நேரத்தைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்ததோடு, படத்தின் பெயரைச் சொல்வது விளம்பரமாகிவிடும் என்று அதையும் நிறுத்தினார். தயாரிப்பாளர்கள் சினந்து ஒலிபரப்பு உரிமையைத் திரும்பப் பெற்றுக்கொள்ள, சில மாதங்களில் பாட்டே ஏறக்குறைய இல்லாமற்போனது.

இரண்டாம் உலகப் போரையொட்டி நேசநாட்டுப் படையினருக்காக இலங்கையின் ஏகலையில் நிறுவப்பட்ட 100 கிலோவாட் சிற்றலை ஒலிபரப்பி அப்போது இலங்கை அரசின் கையில் இருந்தது. வானின் அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பும் சிற்றலைக்கு நாட்டெல்லை ஏது? வால்வுகள் சூடேறும்வரை பொறுத்திருந்து, குமிழை மயிரிழை அளவாகத் திருகி, கரகரப்புக்கு நடுவே பாட்டைப் பிடித்துவிட்டால் வீடே பெட்டியைச் சுற்றி அமர்ந்துவிடும். அந்தப் பெட்டியை வைத்திருக்க அஞ்சலகத்தில் ஆண்டுதோறும் உரிமக் கட்டணம் செலுத்தியது இந்திய அரசுக்கு. விளம்பரக் காசு போனதோ கொழும்புக்கு. அமீன் சயானி தொகுத்து வழங்கிய இந்தித் திரைப்பாடல் நிகழ்ச்சியான ‘பினாக்கா கீத்மாலா’ பம்பாயில் பதிவாகி, ஒலிநாடாவாக விமானமேறிக் கொழும்பு சென்று, புதன்கிழமை மாலைகளில் இந்தியாவுக்கே ஒலித்தது. இதைவிடப் பெரிய நையாண்டியை எவரும் எழுதியிருக்க முடியாது.

கேஸ்கரை வெறும் கோமாளியாகச் சித்திரிப்பதிலும் எனக்கு உடன்பாடில்லை. அதே 1952இல் தொடங்கிய தேசிய இசை நிகழ்ச்சி, சபாக்களின் வாசலை மிதிக்க வாய்ப்பில்லாத எத்தனையோ பேருக்கு வித்வான்களின் முழுக் கச்சேரியைக் கேட்கக் கொடுத்தது. அதைக் கொடுப்பதற்கு இதைப் பறிக்க வேண்டியிருக்கவில்லை என்பதுதான் என் குறை.

1957 அக்டோபர் 3 அன்று, திரைப்பாடல்களுக்கும் இடம் தந்த அகில இந்திய வானொலியின் பொழுதுபோக்குச் சேவையான விவித்பாரதி தொடங்கியபோது அரசு தன் தோல்வியை ஒப்புக்கொண்டது என்றே சொல்வேன். எனினும் கொழும்பில் நிலைத்த முள் உடனே திரும்பிவிடவில்லை. கீத்மாலா விவித்பாரதிக்கு வந்து சேர 1989 ஆயிற்று.