தீயணைப்புக்கு ஒதுக்கும் பணம் அடுத்து எங்கே போகவேண்டும்?

தீயணைப்பையும் ஆம்புலன்சையும் நடத்தும் சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படையின் ஆண்டுப் புள்ளிவிவரம் வெளியாகும்போதெல்லாம் ஒரே பேச்சுதான். 2023இல் தீச்சம்பவங்கள் 1,954. அதே ஆண்டில் வந்த மருத்துவ அவசர அழைப்புகள் 246,000க்கும் மேல். தீ இவ்வளவு குறைவென்றால் இத்தனை தீயணைப்பாளர்கள் எதற்கு, பாதிப் பேரை ஆம்புலன்சுக்கு மாற்றிவிடலாமே என்கிறார்கள். மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமாகத்தான் படும். எனக்கு இதில் துளியும் உடன்பாடில்லை.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடிப் புளோக் ஒன்றில் பன்னிரண்டாம் மாடிப் படுக்கையறை எரிகிறது என்று வையுங்கள். வண்டியின் பம்ப்பைப் பார்க்கிறவர் கீழேயிருந்து நகர முடியாது. மாடிகளுக்குத் தண்ணீரை ஏற்றும் ட்ரை ரைசர் குழாயில் தண்ணீர் நிற்பதில்லை. தெருவோரத் தண்ணீர் இணைப்பான ஹைட்ரன்ட்டிலிருந்து வண்டிக்கும், வண்டியிலிருந்து ரைசரின் அடிவாய்க்கும் ஹோஸ் இழுத்துப் பம்ப் தள்ளினால்தான் மேலே ஏறும். மேலே போகிறவர்கள் எரியும் மாடிவரை லிஃப்ட்டில் போவதில்லை. இரண்டு மாடி முன்பே இறங்கி, படியேறி, கீழ்மாடி வால்வில் ஹோஸைப் பூட்டுவார்கள். இடையில் ஏதோ ஒரு மாடியின் வால்வை யாராவது திறந்து வைத்திருந்தாலோ, பித்தளைக்காகக் கழற்றிப் போயிருந்தாலோ, தண்ணீர் அங்கேயே கொட்டிவிடும், மேலே அழுத்தம் கிடைக்காது. அதைத் தேடி மூட ஓர் ஆள் வேண்டும். புகைக்குள் யாரும் தனியாக நுழையக்கூடாது, ஆகவே இருவர். அந்த இருவருக்கு ஏதாவது ஆனால் இழுத்துவர வாசலில் இன்னும் இருவர். யார் எப்போது உள்ளே போனார், சிலிண்டரில் எவ்வளவு காற்று என்று குறித்துக்கொள்ள ஒருவர். மொத்தத்தையும் நடத்த ஒரு கமாண்டர்.

எட்டுப் பேர் ஆகிவிட்டது. இதுவும் அரைமணி நேரத்துக்குத்தான். 6.8 லிட்டர் சிலிண்டரை 300 பார் அழுத்தத்தில் நிரப்பினால் ஏறக்குறைய 2,000 லிட்டர் காற்று. ஹோஸைத் தோளில் இழுத்துக்கொண்டு சூட்டில் வேலை செய்கிறவர் நிமிடத்துக்கு 60 லிட்டர்கூட இழுப்பார். எச்சரிக்கை விசில் அதற்கும் முன்பே ஊதிவிடும். அப்போது மாற்றுக்குழு வாசலில் தயாராக நிற்கவேண்டும். ஊரில் ஆண்டுக்கு 2,000 தீயா 200 தீயா என்பதால் இந்த ஆள்கணக்கில் ஒருவர்கூடக் குறையமாட்டார்.

ஆம்புலன்ஸ் பக்கம் நெருக்கடி இல்லை என்று சொல்லவரவில்லை. அங்கேதான் புதிய பணம் போகவேண்டும். ஆனால் “இத்தனை புதிய ஆம்புலன்ஸ்” என்ற செய்தி மட்டும் போதாது. ஒரு வண்டிக்கு அவசர சிகிச்சை தரும் பாராமெடிக், அவருக்கு உதவியாளர், ஓட்டுநர் என மூவர். வாரத்துக்கு 168 மணி நேரம், மூன்று இருக்கை, ஆக 504 மணி நேர வேலை. ஒருவருக்கு வாரம் 42 மணி நேரம் என்று வகுத்தால் 12 பேர். விடுப்பு, மருத்துவ விடுப்பு, பயிற்சி எல்லாம் சேர்த்தால் 14, 15 பேர் இல்லாமல் அந்த ஒரு வண்டி இரவும் பகலும் ஓடாது. ஆள் சேர்க்காமல் வண்டியை மட்டும் வாங்கினால், இருக்கிறவர்களின் ஓய்வைத்தான் பிடுங்குகிறோம். இரவு ஷிஃப்ட்டில் எட்டாவது, ஒன்பதாவது நோயாளிக்கு மருந்தளவு கணக்கிடும் பாராமெடிக்கின் சோர்வு எந்த அறிக்கையிலும் வராது.

கட்டாயப் பணிக்கு வரும் தேசிய சேவையாளர்கள் இருக்கிறார்களே என்று நினைக்கவேண்டாம். 2023இல் மொத்தக் கருவுறுதல் விகிதம், அதாவது ஒரு பெண் சராசரியாகப் பெறும் பிள்ளைகள், 0.97தான். அந்த ஆண்டு பிறந்த ஆண்பிள்ளைகள்தான் 2041 வாக்கில் சீருடை அணியப்போகிறார்கள். அதற்குள் நிரந்தர ஊழியர்களின் பங்கைக் கூட்டியாகவேண்டும். சம்பளம், பதவி உயர்வு, நாற்பது வயதுக்குமேல் முதுகு தாங்காதவருக்கு மாற்றுப் பணி, இவற்றுக்கு இப்போதே நிதி ஒதுக்கவேண்டும்.

இன்னொரு பக்கம், அழைப்புகளைக் குறைக்கவும் முதல் சில நிமிடங்களைக் காப்பாற்றவும் ஆகும் செலவு மிகக் குறைவு. அவசரமில்லாத நோயாளிக்கு ஆம்புலன்ஸ் அழைக்க 1777 என்ற எண் இருக்கிறது என்று நம் மூத்தோரில் எத்தனை பேருக்குத் தமிழில் யாராவது சொல்லியிருப்பார்கள்? இதயம் நின்றுபோனால், மார்பை அழுத்தும் சிபிஆர் முதலுதவி இல்லாமல் கடக்கும் ஒவ்வொரு நிமிடமும் பிழைக்கும் வாய்ப்பில் 7 முதல் 10 விழுக்காட்டைத் தின்றுவிடும். 11 நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வந்தாலும் தாமதம்தான். 400 மீட்டருக்குள் இருப்பவரின் கைப்பேசிக்குத் தகவல் அனுப்பும் மைரெஸ்பாண்டர் செயலி அந்த இடைவெளியைத்தான் நிரப்புகிறது. ஆனால் ஓடிவருகிறவருக்கு மார்பை நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்தத் தெரிந்திருக்கவேண்டும். இரண்டு நிமிடத்திலேயே கை தளர்ந்துவிடும், மாற்ற இன்னோர் ஆள் வேண்டும். ஆகவே புளோக்குக்குப் பத்துப் பேரையாவது பயிற்றுவிப்பது நல்ல செலவு. கோயில்களிலும் தமிழ் அமைப்புகளிலும் இதை நடத்தலாம்.

வீட்டுத் தீ எச்சரிக்கைக் கருவியும் அப்படித்தான். 2018 ஜூன் 1 முதல் புதிய வீடுகளுக்கு அது கட்டாயம். பழைய சொந்த வீட்டில் தனியாக இருக்கும் முதியவருக்குக் கட்டாயமில்லை, ஆபத்தோ அவருக்குத்தான் அதிகம். பத்தாண்டு பேட்டரி உள்ள கருவியின் விலை சில பத்து வெள்ளிதான். ஏணி வைத்து மாட்டிவிட ஆள்தான் இல்லை. படுக்கையறைகளுக்கு வெளியே, கூரையின் நடுவில் பொருத்துங்கள். அடுப்புக்குப் பக்கத்திலும் சாமி மேடைக்கு நேர்மேலேயும் வேண்டாம். வெள்ளிக்கிழமை சாம்பிராணிக்கு இரண்டு முறை அலறினால் மூன்றாம் வாரம் அதைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுவோம். மாதம் ஒருமுறை பொத்தானை அழுத்திப் பாருங்கள். மின்சைக்கிள் பேட்டரியை இரவில் வாசலருகே சார்ஜ் போடவேண்டாம். அது வெடித்தால் வெளியேறும் வழியே எரியும்.

புளோக்குகளைப் பராமரிக்கும் நகர மன்றங்களுக்கும் இதில் பங்குண்டு. 2019 நவம்பரில் புக்கிட் பாத்தோக் வட்டாரப் புளோக் ஒன்றில் தீப்பிடித்தபோது ஹோஸ் ரீல் பெட்டி பூட்டிக் கிடந்தது. ரைசர் வால்வுகளையும் ஹோஸ் ரீலையும் சோதித்த தேதியை ஒவ்வொரு புளோக்கின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் சொன்னால் தாள் செலவு மட்டும்தான் ஆகும்.

அடுத்த வரவுசெலவுத் திட்ட விவாதத்தில் நம் நாடாளுமன்ற உறுப்பினர்கள் எத்தனை வண்டி வாங்கினீர்கள் என்று கேட்பதோடு நிறுத்தவேண்டாம். நள்ளிரவு முதல் காலை ஆறுவரை எத்தனை ஆம்புலன்ஸ் முழு ஆட்களோடு ஓடுகிறது, ஒரு பாராமெடிக் சராசரியாக எத்தனை ஆண்டு பணியில் நீடிக்கிறார் என்று உள்துறை அமைச்சிடம் கேட்கட்டும். உங்கள் தொகுதி உறுப்பினரை மக்கள் சந்திப்பில் பார்த்தால் இந்த இரண்டு கேள்வியையும் எழுதியே கொடுங்கள்.