விளம்பரக் காசுக்கு முன்னால் செய்ய வேண்டியவை

புதிதாகத் தொழில் தொடங்குபவர்கள் முதல் மாதமே ஃபேஸ்புக் விளம்பரத்துக்குப் பணம் ஒதுக்க வேண்டும் என்று கட்டுரையில் சொல்லியிருக்கிறீர்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நானும் அக்காவும் திண்டுக்கல்லில் வீட்டிலேயே இட்லிப் பொடி, பருப்புப் பொடி அரைத்து விற்கிறோம். ஆரம்பத்தில் 2,000 ரூபாய்க்கு விளம்பரம் போட்டோம். எந்த ஊருக்கு என்று குறிப்பிடாமல் விட்டது எங்கள் தவறு. லைக் குவிந்தது, ஆர்டர் மூன்றே மூன்று.

அப்புறம்தான் செலவில்லாத வழிக்கு வந்தோம். கூகுள் தேடலிலும் மேப்பிலும் நம் தொழிலைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைல் இலவசம். வீட்டு முகவரியை மறைத்துவிட்டு, டெலிவரி செய்யும் பகுதியை மட்டும் காட்டலாம். பெண்கள் அவசியம் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

வாட்ஸ்அப் பிசினஸில் எடை, விலையோடு கேட்டலாக், அதாவது பொருள் பட்டியல், போட்டுவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுத வேண்டியதில்லை. ஆனால் பிராட்காஸ்ட் லிஸ்ட் மூலம் ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பும் செய்தி, நம் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போகும். நாங்களும் இது தெரியாமல் பல வாரம் அனுப்பிக்கொண்டிருந்தோம். இப்போது ஒவ்வொரு பொட்டலத்திலும் அக்கா ஒரு துண்டுச் சீட்டு வைக்கிறார்: "இந்த நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, பொடி அரைக்கிற அன்னிக்கு சொல்றோம்." அவர் கையெழுத்திலேயே இருக்கும். அதைப் படித்துவிட்டு மறுபடி கேட்பவர்கள்தான் இன்று எங்கள் வியாபாரத்தில் பாதி.

இன்ஸ்டாகிராமில் பாட்டு எதுவும் சேர்க்காமல், இரும்புச் சட்டியில் மிளகாய் வறுபடும் சத்தத்தோடு ரீல் போடுகிறோம். இன்னொன்று, பாக்கெட்டின் பின்பக்கத்தையும் படம் எடுத்துப் போடுங்கள். அதில் இருக்கும் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) எண்ணைப் பார்த்த பிறகுதான் பலரும் பணம் அனுப்புகிறார்கள்.