நான்கு வயதில் வாசிக்கும் பிள்ளைக்கு நேரே தரம் 2?

“நான்கு வயதிலேயே வாசிக்கும் பிள்ளைக்கு முன்பள்ளி வீண், அதிபரிடம் கூட்டிப்போனால் சோதித்துப் பார்த்து நேரே தரம் 2இல் சேர்ப்பார்” என்று அண்ணர் ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் அதிபரிடமோ வலயக் கல்வி அலுவலகத்துக்கோ அலைய வேண்டாம்.

இலங்கையில் அரச பாடசாலையில் தரம் 1இல் சேர, அந்த ஆண்டு ஜனவரி 31இல் 5 வயது நிறைந்திருக்க வேண்டும். வீட்டின் தூரம், அங்கே படிக்கும் சகோதரர், பெற்றோர் பழைய மாணவரா போன்றவற்றுக்குத்தான் சேர்க்கைப் புள்ளி. கெட்டித்தனத்துக்குப் புள்ளி கிடையாது.

பெற்றோர் கேட்கக்கூடியது வேறு. பிள்ளை தானாக வாசித்த புத்தகங்களையும் எழுதிய தாள்களையும் எடுத்துக்கொண்டு முன்பள்ளி ஆசிரியையிடம் ஆறுதலாகப் பேசுங்கள். (“எங்கள் பிள்ளை மேதை” என்று தொடங்காதீர்கள், கதவு அங்கேயே சாத்தப்படும்.) மற்றவர்கள் அ, ஆ எழுதும் நேரத்தில் இவளுக்கு ஒரு கதைப் புத்தகம் கொடுக்க முடியுமா என்று கேளுங்கள். வன்னியின் சிறிய பாடசாலைகளில் ஆசிரியர் குறைவால் இரண்டு தரங்களை ஒன்றாக இருத்திக் கற்பிப்பதுண்டு. குறைதான்; ஆனாலும் தரம் 1 பிள்ளை பக்கத்துத் தரத்தின் வாசிப்பில் சேர அங்கே வழி இருக்கிறது. அதை ஆசிரியரிடம் நேரே கேட்கலாம்.

வாசிப்பில் ஏழு வயதுப் பிள்ளையாக இருப்பவள், தோற்றால் அழுவதில் நான்கு வயதுப் பிள்ளையாகவே இருப்பாள். முன்பள்ளி அதற்கும்தான், அண்ணர்.