யாரோ ஒரு நண்பருக்காக

(ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரம், ராயல் மைல் தெரு. விஸ்கிக் கடையில் சுவை பார்க்கும் மேசை. மாமியாரும் மகளும் கோட்டையைச் சுற்றிப் பார்க்கப் போயிருக்கிறார்கள். மாமனார், மருமகன் இருவருமே குடிக்காதவர்கள் என்பதுதான் குடும்பத்தில் உள்ள பதிவு.)

மாமனார்: எனக்கு இதிலெல்லாம் ஒன்றும் தெரியாது மாப்பிள்ளை. காலனி நண்பர் ஒருவர் கேட்டார். ஊருக்கு 2 லிட்டர் வரை கொண்டுபோகலாமாமே?

மருமகன்: எனக்கும் தெரியாது மாமா. ஆபீஸில் பேசிக்கொள்வார்கள், காதில் விழும்.

(கவுண்டரில் நிற்பவர் மருமகனைப் பார்த்து, "வழக்கமானதுதானே?" என்கிறார். மருமகன் தனக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோலத் திரும்பிப் பார்க்கிறார்.)

மாமனார்: என்னவாம்?

மருமகன்: மழை வருமாம்.

மாமனார்: சரி, அந்த 18 வருடத்தை எடுங்கள். வயது கூடினால் தரமும் கூடும்தானே?

மருமகன்: விலை நிச்சயம் கூடும். உள்ளே கலந்திருக்கும் விஸ்கிகளில் ஆக இளையது எதுவோ, அதன் வயதைத்தான் லேபிளில் போடவேண்டும். ஓக் பீப்பாயில், ஸ்காட்லாந்துக்குள்ளேயே, 3 வருடமாவது கிடந்தால்தான் அது ஸ்காட்ச். புதிதாக ஆரம்பிக்கும் உங்கள் நண்பருக்கு 12 வருடமே போதும்.

மாமனார்: எங்கள் வீட்டு அலமாரியில் 20 வருடமாக ஒரு 12 வருடம்... அதாவது, அந்த நண்பர் வீட்டில். இப்போது அதற்கு வயது 32 ஆகியிருக்குமே?

மருமகன்: பாட்டிலுக்குள் போய்விட்டால் வயது ஏறாது மாமா. நிறம், மணம் எல்லாம் மரத்தோடு இருக்கும்வரைதான். பீப்பாயிலேயே வருடத்துக்குச் சுமார் 2 சதவீதம் ஆவியாகிவிடும். அதைத் தேவதைகளின் பங்கு என்பார்கள்.

மாமனார்: எங்கள் பாட்டிலிலும் குறைந்ததே! அந்தத் தேவதை ஹாஸ்டலிலிருந்து லீவுக்கு வரும்போதெல்லாம் குறையும்.

மருமகன்: மச்சானா?

மாமனார்: நண்பரின் மகன்.

(ஸ்பேசைடு பகுதியின் கிளென்லிவெட் 12 வருடம், துலிப் பூ வடிவக் குட்டிக் கிளாஸ்களில் வருகிறது. மாமனார் கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் முடிக்கிறார்.)

மாமனார்: ஊறுகாய் தருவார்களா?

மருமகன்: ஐயோ மாமா! முதலில் முகரவேண்டும். மூக்கை உள்ளேயே விட்டால் 40 சதவீத ஆல்கஹால் சுரீரென்று ஏறும். வாயை லேசாகத் திறந்துகொண்டு, கொஞ்சம் தள்ளி வைத்து முகருங்கள். பிறகு நாலைந்து சொட்டுத் தண்ணீர். பிறகு ஒரு சிறு மிடறு, நாக்கு முழுக்கப் படும்படி.

மாமனார்: ஆபீஸில் இவ்வளவு விவரமாகவா பேசிக்கொள்கிறார்கள்?

மருமகன்: லஞ்ச் நேரத்தில்.

(இன்னொரு கிளாஸ். இந்த முறை மாமனார் ஜோசியர் கைரேகை பார்ப்பதுபோல நிதானமாக முகர்கிறார்.)

மாமனார்: அன்னாசி மாதிரி இருக்கிறதே. எசென்ஸ் கலந்திருப்பான்.

மருமகன்: கலக்கவே கூடாது மாமா. இது ஒரே ஆலையில் வடித்த சிங்கிள் மால்ட். முளைகட்டிய பார்லி, தண்ணீர், ஈஸ்ட், அவ்வளவுதான். நிறத்துக்கு மட்டும் கேரமல் சேர்க்கலாம். நம் ஊரில் விஸ்கி என்று விற்பதில் பெரும்பாலானவை, சர்க்கரை ஆலையில் மிஞ்சும் மொலாசஸ் பாகிலிருந்து வடித்த ஸ்பிரிட் சேர்த்துச் செய்தவை. அந்த மாதிரிச் சரக்கை விஸ்கி என்று பெயர் போட்டு ஐரோப்பாவில் விற்கவே முடியாது.

மாமனார்: மொலாசஸா? அது ரம் ஆயிற்றே! அப்படியென்றால் முப்பது வருடமாக நான் ரம்மையா குடித்துக்கொண்டிருந்தேன்?

(நீண்ட மௌனம். மருமகன் கவுண்டரைப் பார்த்து, "எனக்கு வழக்கமானது. இவருக்கும்" என்கிறார். ஐலா தீவின் லஃப்ரோய்க் 10 வருடம் வருகிறது.)

மாமனார்: மாப்பிள்ளை, இது டிங்க்சர்! ஆஸ்பத்திரியில் காயத்துக்குப் போடுவார்களே, அதே வாசனை!

மருமகன்: சதுப்பு நிலத்து மண்ணை வெட்டிக் காயவைத்து எரிப்பார்கள். பீட் என்று பெயர். அந்தப் புகையில்தான் பார்லியை உலர்த்துவது. ஆரம்பத்திலேயே இதைக் குடித்துவிட்டு, ஸ்காட்ச்சே வேண்டாம் என்று ஓடியவர்கள் உண்டு. அதனால்தான் கடைசியில் சொன்னேன்.

மாமனார்: இருங்கள்... கரி அடுப்பு... கொஞ்சம் உப்பு... பரவாயில்லையே!

(செல்போன் அடிக்கிறது. மாமனார் எழுந்து நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டு வைக்கிறார்.)

மாமனார்: உங்கள் மாமிதான். எங்கே இருக்கிறோம் என்று கேட்டாள். மருந்துக் கடை என்றேன்.

மருமகன்: நம்பினார்களா?

மாமனார்: கிட்டே வந்து முகர்ந்தாலும் நம்பவேண்டுமே. அந்த ஸ்பேசைடு வேண்டாம், இதிலேயே இன்னொன்று சொல்லுங்கள்.