அந்த ஹொட் டோக் எதற்குள் இருக்கிறது, அண்ணை?

நேற்று இந்தப் பக்கத்தில் ஐஸ் ஹொக்கி வீரர் பில் கெஸ்ஸலைப் பற்றி நாலு வரி எழுதப்போய் என்ன நடந்தது என்று எல்லோரும் பார்த்தீர்கள். "இந்தத் தடியனுக்கா வக்காலத்து?" என்று கேட்டு, அந்த ஹொட் டோக் படத்தையும் கொண்டுவந்து ஒட்டினார் ஒரு அண்ணை. பின்னாலேயே வரிசையாகச் சிரிப்புக்குறிகள். சரி, சிரித்து முடிந்திருந்தால் படத்தை ஒருக்கால் பெரிதாக்கிப் பாருங்கள். ஹொட் டோக் எதற்குள் இருக்கிறது? வட அமெரிக்க ஹொக்கிச் சம்பியனுக்குக் கொடுக்கிற ஸ்ரான்லி கப்புக்குள். எங்கள் ரொறன்ரோ அணி லீஃப்ஸ் 1967க்குப் பிறகு கையால் தொடாத கோப்பை அது.

சோம்பேறியாம். 2009 நவம்பரில் லீஃப்ஸ் சட்டையோடு தொடங்கி 2023 வரை, வழமையான பருவத்தில் ஒன்றைக்கூட விடாமல் 1,064 ஆட்டங்கள். திரும்பவும் சொல்கிறேன், 1,064. ரொறன்ரோவுக்கு மட்டும் தொடர்ந்து 446. பக் என்கிற கடினமான வட்டு பட்டுக் கால் வீங்குகிற விளையாட்டு இது, கரம் போர்ட் இல்லை. 19 வயதில், பொஸ்டன் அணியில் முதல் பருவத்திலேயே, விரைப் புற்றுநோய். 2006 டிசம்பரில் சத்திரசிகிச்சை. 11 ஆட்டங்களை மட்டும் தவறவிட்டுத் திரும்பி வந்துவிட்டார். நான் பல்லுப் பிடுங்கினதற்கே இரண்டு நாள் லீவு போட்டவன்.

"பின்னால் ஓடி வந்து தடுக்கமாட்டாரே?" தெரியும். 2014-15இல் மைனஸ் 34. இவர் பனியில் நிற்கும்போது அணி அடித்ததைவிட வாங்கிய கோல்கள் கூட என்று காட்டுகிற கணக்கு அது. அந்த வருடம் அந்த அணியில் யார்தான் தடுத்தார்கள்? விடுங்கள். 2013இல் பொஸ்டனோடு ஏழாவது ஆட்டம், 4-1 என்று முன்னால் நின்று தோற்றோமே, அதில் ஒரு கோல் இவருடையது. அதை ஒருவரும் ஞாபகம் வைத்திருக்கவில்லை. 2015இல் பிற்ஸ்பேர்க் அணிக்கு அனுப்பியதும் ஒரு பத்திரிகைக்காரர், இவர் நாளாந்தம் ஹொட் டோக் வண்டிக்குப் போய் வாங்கித் தின்றார் என்று கதை எழுதினார். கெஸ்ஸல் மறுத்தார், யார் கேட்டது? அடுத்த வருடம் கோப்பைக்கான பிளேஓஃப் சுற்றுகளில் 24 ஆட்டம், கோலும் கோலுக்கு உதவியதும் சேர்த்து 22 புள்ளி, அணியிலேயே முதலிடம், கப். 2017இல் இன்னொன்று. அதற்குப் பிறகுதான் கோப்பையை ஹொட் டோக்கால் நிரப்பிப் படம் போட்டார். 2023இல் வேகாஸ் அணியோடு மூன்றாவது கப்.

"டிட்ரொயிட்டில் அரை நிமிடம் ஆடிவிட்டு, ஒரு ஆட்டமும் விடவில்லை என்று கணக்குக் காட்டினவர்தானே?" என்று இன்னொருவர். 2022 மார்ச். ஒரே ஒரு ஷிஃப்ட், அதாவது ஒரே ஒரு தடவை பனியில் இறங்கி ஆடிவிட்டு, விமானம் ஏறினார், பிள்ளை பிறக்கப்போகிறது என்று. இதுவா உங்களுக்கு ஏமாற்று? என் மகன் பிறந்த இரவு நான் ஃபாக்டரியில் பெட்டி அடுக்கிக்கொண்டு நின்றேன். கேட்டதற்கு "ஷிஃப்டை முடித்துவிட்டுப் போ" என்றார் மேற்பார்வையாளர். முடித்துவிட்டுத்தான் போனேன். விடிய ஏழு மணிக்குப் போனால் பிள்ளை துணியில் சுற்றி நித்திரை. எனக்கு யாரும் விருது தரவில்லை, கெஸ்ஸலிடம் மட்டும் கணக்குக் கேட்கிறீர்கள்.

உடம்பை வைத்துத்தானே இவ்வளவும்? ஒல்லியாக இருந்திருந்தால் இதே ஆளை "இரும்பு மனிதன்" என்று தூக்கி வைத்திருப்பீர்கள்.

மகன் கொஞ்சம் பருமன். ஸ்காபரோவில் காலை ஆறு மணிப் பயிற்சிக்குக் கூட்டிப்போவேன். ஸ்கேட் நாடாவை இறுக்கி இறுக்கி என் விரல் சிவந்துவிடும். ஒருநாள் அவன் பனியில் இறங்கும்போது, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்ற ஒரு தகப்பன், எங்கள் ஆள்தான், "அந்தா கெஸ்ஸல் வாறார்" என்று தமிழில் சொல்லிச் சிரித்தார். காரில் வரும்போது மகன் கேட்டான், அந்த மாமா ஏன் சிரித்தார் என்று. லீஃப்ஸில் அதிகம் கோல் அடிக்கிற ஆளின் பெயர் அது, அதனால்தான் என்றேன். அவனுக்குச் சந்தோஷம். 81ஆம் இலக்கச் சட்டை வேண்டும் என்று கேட்டான், வாங்கிக் கொடுத்தேன். பிறகு பள்ளிக்கூடத்தில் யாரோ ஹொட் டோக் கதையைச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த பருவம் பதியவில்லை. சட்டை இன்னும் அலுமாரியில் கிடக்கிறது.

அண்ணை, உங்களோடு எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடுங்கள். மகன் இப்போது இந்தப் பக்கத்தைப் பார்க்கிறவன்.