நமக்கு நாமே திட்டம்: முழுத் தொகையும் அரசு தராது

"சங்கம் ஒன்றைப் பதிவு செய்து மனு கொடுத்தால் போதும், பள்ளிச் சுற்றுச்சுவருக்கு முழுப் பணமும் கணக்கில் விழும்" என்று தமிழ்நாடு அரசின் நமக்கு நாமே திட்டம் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார். இதை நம்பி யாரும் இறங்க வேண்டாம், தயவுசெய்து.

1997-98இல் வந்து, 2011இல் தன்னிறைவுத் திட்டமாக மாறி, 2021இல் பழைய பெயருக்கே திரும்பிய திட்டம் இது. பெயரிலேயே விஷயம் இருக்கிறது. வேலைக்கான மதிப்பீட்டுத் தொகையில் பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு மக்கள் போட வேண்டும், மீதியைத்தான் அரசு தரும். 3 லட்சம் ரூபாய் வேலை என்றால் 1 லட்சம் நம் கையிலிருந்து. சங்கப் பதிவும் கட்டாயமில்லை. தனி ஆளோ, தெருக்காரர்கள் சேர்ந்தோ, நிறுவனமோ அந்தப் பங்கைத் தரலாம்.

எங்கள் ஊரில் பள்ளிச் சுவருக்காக வசூல் நோட்டைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனோம். பூ விற்கும் அக்கா கூடையை இறக்கி வைத்துவிட்டு, சுருக்குப் பையிலிருந்து 100 ரூபாய் எடுத்துக் கொடுத்தார். அந்தப் பக்கத்தை இன்னும் வைத்திருக்கிறேன். ஆனால் மதிப்பீடு வாங்காமலே வசூலை முடித்துவிட்டோம். அப்புறம் பொறியாளர் அளந்து சொன்ன தொகைக்கு எங்கள் பங்கு பற்றவில்லை, மறுபடி அதே வாசல்களில் நின்றோம்.

அதனால் முதலில் ஊராட்சி ஒன்றிய அலுவலகத்தில் கேட்டு மதிப்பீடு வாங்குங்கள். வசூல் அதற்குப் பிறகு. நகரம் என்றால் நகராட்சி அல்லது மாநகராட்சி அலுவலகம்.